அத்தானின் ஏழு நாள் பட்டியல்

சிவப்பு மட்டை போட்ட சதுரக்கோட்டுக் கொப்பி அது. நோர்வேயில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குச் செய்யக் கொடுப்பார்களே, அந்தக் கொப்பிதான். என் அக்காவின் மகள் நான்கு பக்கம் கிறுக்கிவிட்டு எறிந்ததை அத்தான் எடுத்து வைத்துக்கொண்டார். ஐந்தாம் பக்கத்தின் உச்சியில் வட்டமான எழுத்தில் ‘சிசிலி, 7 நாள்’ என்று எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். அதற்குக் கீழ் நாளுக்கு ஒரு கட்டம். காலையில் என்ன பார்ப்பது, மத்தியானம் என்ன சாப்பிடுவது, பின்னேரம் என்ன பார்ப்பது, இரவு என்ன சாப்பிடுவது. பார்ப்பதற்கு ஒரு வரி என்றால் சாப்பாட்டுக்கு ஆறு வரி. அக்கா அதை எட்டிப் பார்த்துவிட்டு, “இதென்ன சுற்றுலாவோ, கலியாணவீட்டுப் பந்தியோ?” என்று கேட்டது இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. அக்காவும் அத்தானும் ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடிபோய் இரண்டு வருடமாகியிருந்தது. நான் பியோர்ண்டாலில் அம்மா அப்பாவோடு இருந்தபடி, பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அத்தான் ஒஸ்லோவின் நடுவில் இருந்த ஓர் இத்தாலிய உணவகத்தில் சமையல்காரர். பதினாறு வருடமாக அதே அடுப்பு. அந்த உணவகத்தில் இத்தாலியர் என்று சொல்ல ஒரு குருவிகூடக் கிடையாது. முதலாளியே இத்தாலிக்குப் போகாதவர். அத்தானுக்கு அந்தத் தக்காளி சோஸ் வைக்கக் காட்டிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்காரர் ஒருவர். அவருக்குக் காட்டியவர் உரும்பிராய். அவருக்கும் முன்னால் ஒரு நெடுந்தீவார் இருந்தாராம். அதற்கு முன்னால் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

இவ்வளவு காலமும் அத்தானுக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. வேலைக்குப் போனார், சமைத்தார், மிஞ்சியதைச் சட்டியிலிருந்தே நின்றபடி இரண்டு வாய் அள்ளிப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குழப்பம் வந்தது ஒரு வாடிக்கையாளப் பெண்மணியால். வயதான நோர்வேக்காரி. சிசிலிப் பாஸ்தா என்று விலைப்பட்டியலில் போட்டிருந்த அத்தானின் கத்தரிக்காய்ப் பாஸ்தாவைச் சாப்பிட்டு முடித்து, சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்று குசினி வாசலுக்கே வந்துவிட்டார். “இதை எங்கே படித்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். கையில் கரண்டியோடு நின்ற மனுசனுக்கு என்ன வந்ததோ, “சிசிலியில்” என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு சின்னப் பொய். நானோ நீங்களோ என்றால் அடுத்த நாளே மறந்திருப்போம். அத்தான் அந்த ரகமில்லை. கடையில் மிச்சக்காசு கூடத் தந்துவிட்டார்கள் என்று பனிக்குள் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிற ஆள். ஒரு கிழமை, ஏழு நாளும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்க, என்னிடம் சொன்னார்: “பொய் சொல்லிப்போட்டன், பிள்ளை. சிசிலி எங்கை கிடக்கெண்டுகூட எனக்குச் சரியாத் தெரியாது. நான் பதினாறு வருசமாப் பிழையாச் சமைச்சுக்கொண்டிருக்கிறனோ தெரியேல்லை. அங்கை போய், ஒரு மேசையிலை குந்தி, அந்தச் சாப்பாட்டை ஒருக்காச் சாப்பிட்டுப் பாக்கவேணும். அவ்வளவுதான்.” அவர் என்னிடம் எதையாவது வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்படித்தான் அந்தக் கொப்பி திறக்கப்பட்டது. மகளின் பள்ளிக்கூட இலையுதிர்கால விடுமுறையில் ஒரு கிழமை, நானும் கூடப் போவது என்று முடிவானது. இணையத்தில் தேடுவது என் வேலை. வீடுகளில் அப்போது இணையம் ஆமை வேகம். நூலகத்தில் அச்செடுத்த தாள்களைக் கட்டாகக் கொண்டுபோவேன். பொரித்த சோற்று உருண்டை விற்கிற சந்தை எது, கிரேக்கர் கட்டிய பழைய கோயில்களுக்குப் பஸ் எத்தனை மணிக்கு, மதியச் சாப்பாட்டுக் கடைகள் எத்தனை மணிக்குப் பூட்டும் என்று எல்லாவற்றையும் அத்தான் சின்னச் சின்ன எழுத்தில் கட்டங்களுக்குள் இறக்கினார். கத்தரிக்காய்ப் பாஸ்தாவுக்கு இரண்டு நாள், இரண்டு வேறு கடைகளில். ஒரு கடைக்காரனின் கை அன்றைக்குச் சரியில்லாமல் போனால் தீர்ப்புப் பிழைத்துவிடுமாம். பதினொரு வயது மகள், “அப்பா, கோயில், தேவாலயம் எல்லாம் ஷேட்லி” என்று சிணுங்கினாள். அலுப்படிக்கிறதை நோர்வேப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். ஐஸ்கிரீமுக்கு என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுத்ததும் அடங்கிவிட்டாள்.

அக்காவை வழிக்குக் கொண்டுவந்ததுதான் பெரிய பாடு. அந்தக் காலத்தில் நம் ஆட்களுக்கு விடுமுறை என்றால் பாரிஸ், லண்டன், சுவிஸ். அதாவது சொந்தக்காரர் வீடு. வான் வண்டியில் அரிசி மூட்டையும் கறித்தூளும் ஏற்றிக்கொண்டு போய், அங்கே நிலத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டு வருவோம். “சிசிலியிலை ஆர் இருக்கினம்?” என்றுதான் அக்கா முதலில் கேட்டாள். “ஒருத்தரும் இல்லை. அதுதான் விசேசம். ஹோட்டல். ஏழு நாளும் நீர் குசினிப் பக்கம் தலை வைச்சும் படுக்கத் தேவையில்லை” என்றார் அத்தான். அக்கா எழுந்துபோய்த் தன் புதுச் சப்பாத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

அன்றைக்கு என்னை வாசல்வரை வந்து வழியனுப்பும்போதுதான் அத்தான் உண்மையைச் சொன்னார். அவருடைய சித்தப்பாவின் மகன் குடும்பத்தோடு இருக்கிற பலெர்மோவும் சிசிலிக்குள்தான் என்று வரைபடத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்ததாம், அக்காவுக்கு அது இன்னும் தெரியாது. அங்கே போய் அவர் வீட்டில் தங்காமல் ஹோட்டலில் நின்றோம் என்று தெரிந்தால், அது செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டதைப் போன்ற குற்றம். பரம்பரைக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோகும். அதனால்தான் பலெர்மோவைத் தவிர்த்து, தீவின் மறுகரையில் இருக்கிற கத்தானியாவுக்கு விமானச்சீட்டு எடுக்கச் சொன்னாராம். “ஒருத்தருக்கும் மூச்சு விட்டிடாதை, பிள்ளை” என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

என் வாய் இருக்கிறதே, அதைத் தைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். மூன்று கிழமை பொறுத்திருந்தேன். பிறகு ஒரு பிறந்தநாள் விழாவில், நாலு பெண்கள் கனடாப் பயணத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருக்க, எனக்கு ரோசம் வந்துவிட்டது. “நாங்கள் சிசிலிக்குப் போறம். ஹோட்டலிலை நிக்கப்போறம்” என்றேன். ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்த ஒரு மாமி நிமிர்ந்து பார்த்தார். “சிசிலியோ? உம்மடை அத்தான்ரை தம்பி எல்லே அங்கை இருக்கிறார்?” என்றார். பேச்சை மாற்றிப் பார்த்தேன். மாமி மாறவில்லை.

இரண்டே நாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கொப்பியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது தொலைபேசி அடித்தது. அத்தான் எடுத்தார். மறுமுனைச் சத்தம் எங்களுக்கும் கேட்டது. “அண்ணை! என்ரை வீடு இருக்கேக்கை ஹோட்டலோ? நான் என்ன செத்தே போனன்?” அத்தான் ஏதேதோ சமாளித்தார். கத்தானியா தூரம் என்றார். “மூண்டு மணித்தியாலம் தானே, நான் வானைக் கொண்டுவாறன்” என்றது தொலைபேசி. பிறகு அந்தக் குரல் தணிந்தது. “பதினாலு வருசத்திலை என்ரை சொந்தத்திலை ஒருத்தரும் இந்த வீட்டுப் படி மிதிக்கேல்லை, அண்ணை.” அத்தான் கையிலிருந்த பேனாவைக் கொப்பிமேல் வைத்தார். “வாறம் தம்பி” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். என்னைப் பார்த்தார். “சொல்லிப்போட்டியோ, பிள்ளை?” என்று கேட்டார். “ஓம், அத்தான்” என்றேன். “சரி, விடு” என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கொப்பியை மூடி மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

பலெர்மோத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு இன்றும் மனம் வராது. விமான நிலையத்தில் அத்தானைக் கட்டிப்பிடித்துக் குழந்தை மாதிரி அழுதார். நாங்கள் பதிவு செய்திருந்த ஹோட்டலுக்குத் தானே தொலைபேசி எடுத்து, மளமளவென்று இத்தாலியனில் பேசி, அறையை நிற்பாட்டினார். எங்களுக்காக ஒரு கிழமை லீவு எடுத்திருந்தார். அவருடைய மனைவி விடியற்புறமே எழும்பி இடியப்பம் அவித்தார். முதல் நாள் நண்டு, இரண்டாம் நாள் கணவாய், மூன்றாம் நாள் ஆட்டிறைச்சியும் புட்டும். அவர் ஒருவர் மட்டும் வியர்க்க விறுவிறுக்க நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அக்காவால் முடியவில்லை. இரண்டாம் நாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேங்காய் துருவப் போய்விட்டாள். கிரேக்கர் கோயில்களுக்கும் போனோம், இல்லையென்று சொல்லவில்லை. தூண்களின் நிழலில் பாய் விரித்துக் கட்டுச்சோறு அவிழ்த்தோம். தள்ளி ஒரு கடையிலிருந்து பூண்டு வதங்குகிற வாசம் வந்தது. அத்தான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, புளிச்சாதத்துக்குத் திரும்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னேன்.

கடைசி நாள், விமானத்துக்குக் கத்தானியாவுக்குத் திரும்பியபோது, நான் வெட்கத்தை விட்டுத் தம்பியிடம் கேட்டேன்: “அத்தானுக்கு ஒருக்கா இஞ்சத்தைக் கடைச் சாப்பாடு சாப்பிடவேணுமாம்.” அவர் மகிழ்ந்தே போனார். “முந்தியே சொல்லியிருக்கலாமே!” என்று தனக்குத் தெரிந்த ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். அத்தான் கதிரையை இழுத்துச் சரியாக்கி அமர்ந்தார். துவாயை மடியில் விரித்தார். ஆவி பறக்கக் கத்தரிக்காய்ப் பாஸ்தா வந்தது. அவர் முதலில் தொடவில்லை. குனிந்து நிறத்தைப் பார்த்தார், சோஸ் தட்டில் எப்படி நிற்கிறது என்று பார்த்தார். முள்ளுக்கரண்டியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் தம்பி தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள். “இவங்கடை சாப்பாட்டிலை உறைப்பே இல்லை, அண்ணை. இப்ப சாப்பிட்டுப் பாருங்கோ” என்று அத்தானின் தட்டில் தாராளமாக, ஒரு மூலை விடாமல், தூவினார். பிறகு எங்கள் தட்டுகளுக்கும்.

நான் “ஐயோ” என்று வாயெடுத்தேன். அத்தான் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். ஒரு வாய் வைத்தார், மென்றார், விழுங்கினார். “நல்லா இருக்கு, தம்பி” என்றார். தட்டை வழித்துச் சாப்பிட்டார். விமானத்தில் அவருக்குப் பக்கத்தில் நான். “எப்பிடி, அத்தான்?” என்று மெதுவாகக் கேட்டேன். கண்ணை மூடியபடி, “தூள் நல்ல தூள், பிள்ளை” என்றார். பிறகு இருவரும் சிரித்தோம்.

மறுபடி போவோம் என்று சொல்லிக்கொண்டே வருடங்கள் போயின. வீட்டுக்கடன், மகளின் படிப்பு, அக்காவின் சத்திரசிகிச்சை. இப்போது அத்தானின் முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. இருதயத்துக்கும் மருந்து, விமானம் வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அடுப்படியை விட்டு நாலு வருடம். தொலைக்காட்சியில் யாராவது பாஸ்தா கிண்டினால் மட்டும் சத்தத்தைக் கூட்டிவைத்துப் பார்ப்பார்.

சென்ற இலையுதிர்காலம் நான் என் கணவரோடு கத்தானியாவுக்குப் போனேன். அங்கே யாருக்கும் சொல்லவில்லை. வயது போனால் வாயும் அடங்கும் போலிருக்கிறது. ஒரு சந்துக் கடையில், காகித விரிப்புப் போட்ட மேசையில் அமர்ந்து அதே சாப்பாட்டைக் கேட்டேன். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. அத்தானுடையது இல்லை. இதில் வெங்காயமே இல்லை. தக்காளி பச்சையாய்ப் புளித்தது, கத்தரிக்காய் கறுக்கும்வரை பொரிந்திருந்தது. அத்தானுடையதில் ஓர் இனிப்பு இருக்கும். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கித்தான் தொடங்குவார், நாம் இறைச்சிக் கறிக்கு வதக்குவதைப் போல. அந்த நாலு தமிழரில் யாரோ ஒருவர், முதல் நாளில், கறி வைக்கிற நினைப்பில் சட்டியை அடுப்பில் வைத்திருக்கிறார். மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கே இருக்கிறேன், முன்னால் என்ன இருக்கிறது என்று சொன்னேன். தொலைக்காட்சிச் சத்தத்தை அவர் குறைப்பது கேட்டது. பிறகு, “எப்பிடி இருக்கு?” என்றார்.

“உங்கடை கைதான், அத்தான். ஒரு வித்தியாசமும் இல்லை.”

தொலைபேசியை விட்டுத் திரும்பி அக்காவைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. “இஞ்சேருமப்பா, கேட்டீரே? ஒரு வித்தியாசமும் இல்லையாம்! நான் பிழையாச் செய்யேல்லை!” தூரத்தில் அக்கா ஏதோ சொன்னாள். கதிரை இழுபட்டது. அவர் திரும்பத் தொலைபேசிக்கு வந்தார்.

“உண்மையாத்தானே, பிள்ளை?”

“உண்மையா, அத்தான்” என்றேன்.