உள்ளங்காலில் நின்ற ஊசி

அண்ணன் என் காலில் ஊசி குத்திய அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவருடைய மகளின் பிறந்தநாள். மில்லிக்கனில் இருந்த அந்த வீட்டின் பேஸ்மென்ற்றில்தான் நான் குடியிருந்தேன். கல்யாணம் கட்டாதவன். என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் அண்ணன். அதை நான் மறந்துபோகாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

எனக்குச் சலரோகம், சீனி வருத்தம், வந்து பல வருடங்களாகியிருந்தன. பாண் சுடும் தொழிற்சாலையில் ஓடும் பெல்ற்றுக்கு முன்னால் நின்றபடி வேலை. கொஞ்சக் காலமாகப் பாதங்கள் எரியத் தொடங்கியிருந்தன. படுக்கையில் போர்வை பட்டாலே கால்விரல்கள் நெருப்பில் வைத்ததுபோல இருக்கும். அதே விரல்களைக் கையால் கிள்ளினால் ஒன்றும் தெரியாது. இதை எப்படிச் சொன்னாலும் கேட்பவருக்குப் பொய்யாகத்தான் படும். குடும்ப டொக்டர் காலில் கரண்ட் பாய்ச்சி நரம்பைப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு வந்தது. நான் வேலைநேரத்தைக் குறைத்துக் கேட்டிருந்த சமயம் அது.

அண்ணனுக்கு அது போதும். அன்று நான் சோபாவில் இருந்து பாதத்தைத் தடவிக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டார்.

“உவருக்குக் கால் எரியுதாம். கரண்ட் வைச்சுப் பாத்தவங்கள், ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள். வேலைக்குக் கள்ளம்,” என்றார் எல்லோருக்கும் கேட்க.

“அண்ணை, விடுங்கோ.”

“ஏன் விடுவான்? இப்ப பாப்பம். கண்ணை மூடடா.”

ஆட்கள் சிரித்தார்கள். சபையில் முறுகிக்கொள்ள வேண்டாம் என்று நானும் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினேன். அண்ணியின் சேலையில் குத்தியிருந்த ஊசியை அண்ணன் கழற்றியது எனக்குத் தெரியாது. என் குதிக்காலை அவர் தன் மடியில் தூக்கி வைத்தது தெரிந்தது. பிறகு காத்திருந்தேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. யாரோ ஒரு பெண் “ஐயோ” என்றாள்.

“குத்துங்கோவன்,” என்றேன்.

பிறகு வீடே சிரித்தது. கண்ணைத் திறந்தேன். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலின் சதைக்குள், ஊசி பாதிக்கு மேல் இறங்கி நின்றது. அண்ணன் அதை இழுத்தெடுத்துப் பக்கத்தில் இன்னொரு இடத்தில் குத்தினார். நான் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாருடைய காலோ போல இருந்தது. “டாட், ஸ்டொப், தட்ஸ் க்றோஸ்,” என்று மகள் அருவருப்போடு சொன்னாள். சொன்னபடியே போனில் எடுத்தாள். கேக் வெட்டுவதற்கு முன்பே அந்த வீடியோ குடும்பக் குறூப்பில் வந்துவிட்டது.

வலிக்காத புண்ணை யார் பார்க்கப்போகிறார்கள்? வேலைச் சப்பாத்துக்குள் அந்தக் காலை வைத்துக்கொண்டு நாட்கணக்காக நின்றேன். மேலே குசினியிலிருந்து அண்ணி, “கீழை என்னவோ செத்துக் கிடக்குது போல, மணக்குது,” என்று சொன்னது கேட்டது. எலியாக்கும் என்று நானும் கட்டிலுக்குக் கீழே தேடினேன். காலுறையைக் கழற்றியபோதுதான் செத்துக்கொண்டிருந்தது எது என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டில் தந்து மறித்துவிட்டார்கள். புண்ணுக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது நரம்பு டொக்டர் ஒருத்தி வந்தாள். இங்கே பிறந்த தமிழ்ப்பிள்ளை. அல்ட்ராசவுண்ட் மெஷினைக் கட்டிலோடு சேர்த்து வைத்து, என் உட்கணுக்காலில் குளிர்ந்த ஜெல்லைப் பூசினாள்.

“அங்கிள், கரண்ட் ரெஸ்ற் பெரிய நரம்பு நார்களைத்தான் செக் பண்ணும். சின்ன நார்கள் முதலிலை பழுதானால் அதிலை வராது. இதிலை நரம்பையே பாக்கலாம்.”

திரையில் கறுப்பு வட்டமொன்று துடித்தது. அது இரத்தக்குழாய். அதற்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் உப்பிக்கிடந்தது என் நரம்பு.

என்னைப் பார்க்க வந்து பக்கத்தில் நின்ற அண்ணன் நம்பவில்லை. “உது எல்லாருக்கும் உப்பிடித்தானே இருக்கும்?” என்றார். ஒப்பிட்டுக் காட்டுவதற்காக அவருடைய காலைக் கேட்டாள். அவர் காலுறையைக் கழற்றி, கதிரையில் காலைத் தூக்கி வைத்தார். அவருடைய நரம்பு சின்னதாக, உள்ளே புள்ளி புள்ளியாகப் பிரிந்து, தேன்வதையை வெட்டிப் பார்த்ததுபோல இருந்தது. என்னுடையதில் அந்தப் புள்ளிகள் வீங்கி ஒன்றோடொன்று கலந்திருந்தன.

“என்ரை நல்லாயிருக்கு, பாத்தியோ?” என்றார் அண்ணன் என்னிடம்.

நான் டொக்டரைக் கேட்டேன். “இது திரும்பச் சரிவருமோ, பிள்ளை?”

“சுகரைக் கொன்ட்ரோல் பண்ணினால் மேலும் பழுதாகாமல் பாக்கலாம், அங்கிள். போனது திரும்பி வாறது கஷ்டம்.” என் பாதத்துக் கட்டைப் பார்த்து, “இந்தக் காயம் எப்படி வந்தது?” என்று கேட்டாள்.

“இவர் ஊசியாலை குத்தினவர். பகிடிக்கு.”

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, “நான் குத்தினபடியாலைதானே காலிலை இருந்த வருத்தம் பிடிபட்டது,” என்றார். அவமானம் ஒரு துளியும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

பெருவிரலை எடுத்தார்கள். அதோடு அடுத்த விரலையும். தொழிற்சாலையில் நிற்க முடியாமல் வேலை போனது. நான் ஸ்காபரோவில் ஓர் அறைக்கு மாறினேன்.

போன கோடையில் அஜக்ஸில் சொந்தக்காரர் கல்யாணம். மண்டபத்தில் அண்ணன் ஒரு மேசை நிறைய ஆட்களுக்கு நடுவில் இருந்து சிரித்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“தம்பியின்ரை வருத்தத்தை டொக்டர்மாருக்கு முதல் கண்டுபிடிச்சது நான். சப்பாத்தைக் கழட்டிக் காட்டடா.”

மேசையில் எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

“நீங்கள் செத்தால் வருவன்,” என்றேன். “அதுவரைக்கும் என்னோடை கதைக்க வேண்டாம்.”

அவர் சிரிப்பை உடனே நிறுத்தவில்லை. பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “கல்யாண வீட்டிலை கதைக்கிற கதையோ உது?” என்று அண்ணி கேட்டார். வாய் கோணி, கண் கலங்கி அண்ணன் இருந்ததை நின்று, அவசரப்படாமல், முழுவதும் பார்த்தேன். அதற்குப் பிறகு சாப்பாட்டு வரிசையில் போய் நின்றுகொண்டேன். நல்ல பசி.