வெறும் உப்புநீர்தான் போட்டேன்

இது ராத்திரியில் சுடுகாட்டைத் தாண்டி வந்தவள் சொல்லும் கதை இல்லை. பட்டப்பகலில், தலைக்கு மேல் விளக்கு எரிய, நான் முழு விழிப்போடு நின்றபோது நடந்தது. அந்த ‘முழு விழிப்பை’ மட்டும் வேண்டுமானால் நீங்கள் சந்தேகப்படலாம். மூன்று நாளாக நின்றபடியே அறுவை செய்துகொண்டிருந்தேன். கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குக் கல்லீரல் செல் மாற்றுவது என் வேலை. அதற்குமுன் கல்லீரலைத் தயார்படுத்த வேண்டும். சில வாரம் ஒரு மருந்து கொடுப்போம். சொந்த செல்கள் பெருகும் சக்தியை இழந்துவிடும். பிறகு கல்லீரலில் பெரும்பகுதியை வெட்டி எடுப்போம். மிச்சம் இருப்பது வளரத் துடிக்கும், முடியாது. அந்த நேரத்தில் வேறு எலியின் செல்லைப் போட்டால் சட்டென்று ஒட்டிக்கொண்டு பெருகும். குடியிருந்தவர்களைக் காலி செய்துவிட்டு வீட்டைத் திறந்து வைப்பது மாதிரி.

அன்றைக்குக் கடைசி எலி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதற்கு மட்டும் செல் கிடையாது, வெறும் உப்புநீர். எனக்கு உதவிக்கு இருந்தவனைக் குண்டூசி என்போம். ஆள் அவ்வளவு ஒல்லி.

“அக்கா, தையல் நூல் தீர்ந்துடுச்சு. கீழ போய் எடுத்துட்டு வந்துடறேன்.”

“சீக்கிரம் வாடா. நின்னுக்கிட்டே தூங்கிடுவேன் போல இருக்கு.”

கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் உப்புநீரை ஏற்றி ஊசியை எடுத்தேன். ரத்தம் கசிந்தது. எதிரிலிருந்து ஒரு கை நீண்டு, பஞ்சுக்குச்சியை வைத்து அந்த இடத்தை அழுத்தியது. அப்பாடா, வந்துவிட்டான். நான் நிமிரக்கூட இல்லை.

கதவுச் சத்தம் கேட்கவில்லையே என்று அப்போது தோன்றவில்லை.

“கெட்டியா பிடி.”

“ம்.”

கையில் உறை இல்லை. நகமெல்லாம் நீலம்.

“கிளவுஸ் எங்கடா?”

மேலே திட்ட எனக்குத் தெம்பில்லை.

இதயத்துடிப்புக் கருவி... பீப்... பீப்...

கை இன்னும் அழுத்தியது.

பீப்......... பீப்.........

“போதும், விடு.”

விடவில்லை.

நிமிர்ந்தேன். பச்சை அங்கி. தொப்பி. முகக்கவசம்.

கவசம் அசையவில்லை...

மூச்சே இல்லை.

தடால்!

கதவு.

“சாரிக்கா, லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு...” வாசலில் குண்டூசி. கையில் நூல்.

திரும்பினேன். எதிரே யாரும் இல்லை.

பஞ்சுக்குச்சி மட்டும்... ரத்தக்குழாய்மேல் நட்டக்குத்தலாக நின்றது.

மெல்லச் சாய்ந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், லீவு போட்டுத் தூங்கு என்பார்கள். நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொண்டேன். வயிற்றைத் தைத்தோம். எலி பிழைத்தது.

சில வாரம் கழித்து எலிகளின் கல்லீரலை எடுத்து அனுப்பினோம். அதைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கும் டாக்டரம்மா போன் செய்தார்.

“அந்தக் கடைசி எலிக்கு என்ன செல் போட்டீங்க?”

“ஒண்ணும் போடல மேடம். வெறும் உப்புநீர்தான்.”

“பாதிக்கு மேல புது செல்லா இருக்கே.”

“அசதில மாத்திப் போட்டுட்டேனோ என்னவோ... வேற எலியோடதா இருக்கும்.”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

“ரெண்டு தடவை சோதிச்சுட்டேன்மா. எலியோடது இல்ல.”

“பின்னே?”

“மனுஷனோடது.”

எங்கள் கூடத்தில் மனித செல்லை வைத்து யாரும், என்றைக்கும், வேலை செய்ததில்லை.