அவங்க என்றால் எத்தனை பேர்

ஆட்சி கைமாறிய பிறகு புதுச்சேரியில் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத் திடீரென்று ஒரு தேவை ஏற்பட்டது. அலுவலகங்களில் புழங்கிய மொழி பிரெஞ்சு. புதிதாக வந்து சேர்ந்த அதிகாரிகள் பேசியது ஆங்கிலம். மனுவோடு வாசலில் நின்றவர்களுக்குத் தெரிந்தது தமிழ். சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த எனக்கு இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு நாற்காலி கிடைத்தது. மக்களுக்கு உபயோகமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அதில் உட்கார்ந்தேன். இரண்டு வருடங்களில் அந்த எண்ணம் போய்விடவில்லை. களைத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

நாள் முழுவதும் பிறருடைய வாயாக இருப்பது எளிய வேலையன்று. ஒருவருடைய கோபத்தையும் இன்னொருவருடைய சலிப்பையும் என் குரலில் சொல்லிச் சொல்லி, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எனக்கென்று பேச எதுவும் மிச்சமிருக்காது. சோறு போடட்டுமா என்று கணவர் கேட்டால்கூட, அதை மனத்துக்குள் ஒருமுறை ஆங்கிலத்தில் புரட்டிப் பார்த்த பிறகே தலையாட்டுவேன்.

அந்த நாட்களில் வந்த ஒரு விசாரணையைப் பற்றி எழுத வேண்டும்.

தெற்கே கடலோரத்தில் ஒரு மீனவக் குப்பம். வலை போடும் இடத்தைப் பற்றி அங்கே இரண்டு தெருக்காரர்களுக்குள் பல வாரங்களாகத் தகராறு. அந்தச் சமயத்தில், கூடையில் மீன் விற்கும் ஒரு பெண் நெற்றி பிளந்து மருந்தகத்துக்கு வந்தாள். யார் அடித்தது என்று கேட்டதற்கு, "அவங்கதான் அடிச்சாங்க" என்றாள். கேட்டவர் அதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'தே' என்ற பன்மைச் சொல்லைப் போட்டார். அவரைக் குறை கூற மாட்டேன். தகராறு நடக்கும் குப்பத்திலிருந்து ரத்தத்தோடு வந்தவள் 'அவங்க' என்றால், எதிர்த் தெருவைத்தான் யாரும் நினைப்பார்கள். போலீசாரும் அப்படியே நினைத்து, அந்தத் தெருவில் உரத்துப் பேசிவந்த மூன்று ஆண்களைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். அவர்கள் தாங்கள் அடிக்கவில்லை என்றார்கள். பிடிபட்டவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். நேர்மையானவர், பொறுமை கொஞ்சம் குறைவு, தமிழ் அறவே தெரியாது. அவருக்குப் பக்கத்து மேசையில் பிரெஞ்சுக் காலத்திலிருந்தே இருந்துவரும் வயதான குமாஸ்தா. அவர் என்னை 'மதாம்' என்றுதான் அழைப்பார். எதிரே அந்தப் பெண் நின்றாள். நெற்றிக் கட்டு அழுக்கேறியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்கள யாரும்மா அடிச்சது?" என்று கேட்டேன்.

"அதான் அன்னிக்கே சொல்லிட்டேனே. அவங்கதான்."

அதிகாரிக்குச் சொன்னேன். எத்தனை பேர் என்று கேட்கச் சொன்னார்.

"அவங்கன்னா எத்தினி பேரு?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை என் கழுத்துத் தாலியில் வந்து நின்றது.

"எத்தினி பேரா? எனக்கு ஒருத்தருதாம்மா. ஒனக்கு எத்தினி பேரு?"

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. கணவன் பெயரை அவள் சொல்ல மாட்டாள். என் தாயும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. எங்கள் வீட்டிலும் 'அவங்க' என்றால் ஒரே ஒருவர்தான்; அவருக்குக் காப்பியில் சர்க்கரை அதிகம் வேண்டும். அந்தச் சொல் காகிதத்தில் ஏறும்போது ஒரு கும்பலாகிவிட்டது.

அவள் சொன்னதை அதிகாரியிடம் உடனே சொல்லவில்லை. சொல்லைப் பற்றி மட்டும் சொன்னேன்: எங்கள் மொழியில் இது பன்மை வடிவம், மரியாதைக்காக ஒருவருக்கும் வரும், யாரைக் குறிக்கிறாள் என்று கேட்டுத் தெளிய வேண்டும். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருவரைப் பலராகச் சொல்லும் வழக்கம் எங்கேயாவது உண்டா என்று கேட்டார்.

உண்டு என்றேன். கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்திலேயே 'தே' சொந்தச் சொல் அன்று. வடக்கேயிருந்து கப்பலேறி வந்து குடியேறியவர்களிடமிருந்து வாங்கியது. பழைய ஆங்கிலத்தில் 'அவன்' என்பதற்கும் 'அவர்கள்' என்பதற்கும் இருந்த சொற்கள் நாளடைவில் ஏறக்குறைய ஒரே ஒலியாகிக் குழப்பம் தந்தன. ஒருவரையும் பலரையும் பிரித்துச் சொல்ல, வந்தவர்களின் சொல் கைகொடுத்தது. அப்படி வந்த சொல்லையும் அவர்கள் பலருக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. யாரோ ஒருவர் குடையை மறந்துவிட்டுப் போனால் அந்த ஒருவருக்கும் 'தே' போடுகிறார்கள், ஆள் யாரென்று தெரியாததால். இந்தப் பெண்ணோ ஆள் யாரென்று நன்றாகத் தெரிந்ததால் பன்மையில் பேசுகிறாள்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். நல்ல மரியாதை, மூன்று பேரை உள்ளே வைத்திருக்கிறது என்றார்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். எதிர்த் தெரு ஆட்கள் மூவர் காவலில் இருப்பது எதனால் என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். வலைத் தகராறுதான் என்றாள். இல்லை, நீங்கள் மருந்தகத்தில் சொன்ன சொல்லால் என்றேன். அவள் உடனே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"என் வாயாலயா? அந்தத் தெருப் பொம்பளைங்க தெனம் என் வாசல்ல வந்து மண்ணத் தூத்திட்டுப் போறாளுங்க, எதுக்குன்னே தெரியாம நானும் பதிலுக்கு ஏசினேனே."

பிறகு கையைக் கூப்பிக்கொண்டு சொன்னாள்: "அவங்கள வுட்டுடச் சொல்லும்மா. அவங்கள ஒண்ணும் பண்ணிட வேணாம்னு சொல்லு."

ஒரே மூச்சில் இரண்டு 'அவங்கள'. முதலாவது அந்த மூவர். இரண்டாவது அவளுடைய வீட்டுக்காரர். ஆங்கிலத்தில் இவற்றைப் பிரிக்காமல் சொல்ல வழியில்லை. பிரித்தால் அவளுடைய புருஷன் அந்த அறைக்குள் வந்துவிடுவான்.

குமாஸ்தா என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார். "மதாம், எங்க பிரெஞ்சுல 'ஓன்'னு ஒரு சொல்லு இருக்கு. யாரோன்னு அர்த்தம், ஆனா ஆளே கெடையாது. இந்த மாதிரி எடத்துல அதப் போட்டு மூடிடுவோம். பொம்பள பொழச்சிப் போவா."

ஆங்கிலத்திலும் அதற்கு வழி உண்டு. 'அடிக்கப்பட்டாள்' என்று சொல்லலாம். இருட்டில் யாரென்று தெரியவில்லை என்று சேர்க்கலாம். மூவரும் வெளியே வருவார்கள், அவள் புருஷனும் தப்பிப்பான். அதற்குப் பிறகு அவன் கை ஓங்குகிற ஒவ்வொரு முறையும், ஓங்கலாம் என்று ஓர் அரசு அலுவலகமே சொன்னதாகிவிடும். உண்மையைச் சொன்னால் அவனைப் பிடிப்பார்கள். திரும்பி வந்த பிறகு அந்த வீட்டுக்குள் அவளோடு யார் இருப்பார்கள்? நான் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவேன். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் விளைவு அவள் தலையில்தான் விழுந்தது. எனவே முடிவு என்னுடையதாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அது நியாயமா, என் களைப்பா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

"நீங்க சொன்னத அப்படியே சொன்னா உங்க வீட்டுக்காரரக் கூட்டியாந்து விசாரிப்பாங்க. யாருன்னு தெரியலன்னும் சொல்லலாம். எப்படிச் சொல்லட்டும்?"

"யாருன்னு தெரியலன்னா அந்த மூணு பேரையும் வுட்டுடுவாங்களா?"

"விடுவாங்கன்னுதான் நெனைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது."

அவள் கட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப சொல்லிடும்மா. அவங்கதான்னு சொல்லு. ஊருல நான் பொய்க்காரியா திரிய முடியாது. வூட்டுல எப்பிடியோ இருந்துக்கிறேன்."

சொன்னேன். ஒருமையில், ஆண்பாலில், கணவன் என்ற சொல்லையும் சேர்த்து.

அன்று பிற்பகலே மூவரையும் விட்டார்கள். அவள் கணவனை அழைத்துவந்து ஓர் இரவு வைத்திருந்து, இனிமேல் கை நீட்டுவதில்லை என்று எழுதி வாங்கி அனுப்பினார்கள். குமாஸ்தா மட்டும் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் நினைப்பது தவறு என்று எனக்குத் தோன்றியது. நான் செய்ததும் சரிதானா என்ற சந்தேகமும் இருந்தது.

சில வாரங்கள் கழித்துப் பெரிய மார்க்கெட்டில் அவளைத் தேடிப் போனேன். மீன் பகுதியின் கோடியில், தூணுக்குப் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் தழும்பு வெளுத்திருந்தது. அடையாளம் தெரிந்தும் தெரியாதவள் மாதிரி சங்கரா மீனைத் தூக்கிக் காட்டினாள்.

குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டேன். "வீட்ல எப்படி இருக்கு? மறுபடி ஏதாவது?"

"கை வைக்கிறதில்ல."

அவள் மீனைத் திருப்பிப் போட்டு ஈயை விரட்டினாள்.

"வாயத் தொறக்கறதும் இல்ல. சோத்த வச்சா துன்னுட்டுப் போவும். புருஷனக் காட்டிக் குடுத்தவன்னு எங்க தெருவுல எவளும் தண்ணி மொள்ளக் கூப்புடறதில்ல. எதிர்த் தெருக்காரிங்கதான் இப்ப எங்கிட்ட பேசறாளுங்க."

அலுவலகத்தில் வேறு யாரையாவது பார்க்கட்டுமா, பெரியவர்களை வைத்துப் பேசட்டுமா என்று ஏதோ சொன்னேன். பக்கத்துக் கூடைக்காரிகள் இருவர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"மீனு வாங்குறதுன்னா வாங்கும்மா," என்றாள் அவள், உரக்க. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆபீசம்மா எதுக்கு வந்துச்சின்னு கேப்பாளுங்க. நீ இங்க நிக்காத."

நான் மீனை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். அதற்குப் பிறகு மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தூண் பக்கம் திரும்பாமல், வேறு வழியாகவே வெளியே வந்தேன்.