ஆறு டன் எங்கே போனது

விறகு மண்டியில் அவளை எல்லோரும் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த பேக்கரிக்காரர்கூட அக்கா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். அதில் இருக்கும் வேடிக்கை இரண்டு பேருக்குமே தெரியாது.

பத்தொன்பது வருடங்களாக அந்த மண்டியின் எடை மேடைக்குப் பக்கத்தில் நின்றவள். கட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவாள். அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், அதற்கு மேல் தப்பாது. இரண்டு கட்டைகளை ஒன்றோடு ஒன்று தட்டுவாள். 'டங்' என்று கேட்டால் காய்ந்தது. 'பொத்' என்று கேட்டால் ஈரம். போய் வெயிலில் கிட என்று ஓரமாக எறிந்துவிடுவாள்.

வருகிறவர்களிடம் என்ன விறகு வேண்டும் என்று அவள் கேட்டதில்லை. "எதுக்கு எரிக்கப் போறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பேக்கரிக்கு வேலங்கட்டை. மெதுவாகப் பற்றினாலும் தணல் மணிக்கணக்கில் நிற்கும். சலவைக்கடையில் தண்ணீர் காய்ச்ச சவுக்கு. குச்சியைக் காட்டியதும் பிடித்துக்கொள்ளும். மாங்கட்டை எல்லாவற்றையும்விட விலை குறைவு. அதைக் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு அர்ச்சனை நிச்சயம். "விலை கம்மின்னு தூக்கிட்டுப் போவீங்க. மத்தியானத்துக்குள்ள சாம்பலாயிடும். திரும்பவும் வந்து நிப்பீங்க. ரெண்டு தடவை வாங்கினா அது எந்த ஊர்ல கம்மி?"

திட்டு வாங்கிக்கொண்டே வாங்கிப் போவார்கள். அவள் எடை போட்டால் இன்னொரு தராசில் போய்ச் சரிபார்க்க வேண்டியதில்லை என்பது அந்தத் தெரு முழுக்கத் தெரியும்.

பெரிய முதலாளி இறந்து, அவர் மகளின் கணவன் மண்டிக்கு வந்தான். அவனை மாப்பிள்ளை என்றே எல்லோரும் சொன்னார்கள், அவனுக்குப் பெண் கொடுக்காதவர்களும்கூட. வந்த ஒரு மாதத்தில் அவன் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான்.

மண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. லாரியில் வரும் பச்சை விறகை எடை போட்டு வாங்குவதில்லை. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம் இருந்தது. அதற்குள் விறகை அடுக்கி, இத்தனை சட்டம் என்று அளந்து வாங்குவார்கள். காய்ந்த பிறகு விற்கும்போதுதான் கிலோக் கணக்கு.

"அளந்து வாங்குறோம், எடை போட்டு விக்கிறோம். யாரு அக்கா இப்படி ஒரு கணக்கைச் சொல்லிக் குடுத்தது?" என்று மாப்பிள்ளை கேட்டான். "லாரிக்காரன் அடுக்குற லட்சணத்தைப் பாத்தேன். பூனை குட்டி போடலாம், அவ்வளவு ஓட்டை. இனிமே வாங்குறதும் எடைதான்."

ஓட்டை விஷயம் உண்மைதான். ஆனால் அவள் அந்த ஓட்டைகளுக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்து, பிரித்து அடுக்கச் சொல்லி லாரிக்காரர்களை அழவைப்பவள். அதைச் சொல்லாமல், முக்கியமானதை மட்டும் சொன்னாள்.

"மழை விட்டு வந்த விறகு தம்பி. பிழிஞ்சா சொட்டும். இதைப் போயி எடைக்கு வாங்கறீங்களே?"

"நீ எடையைப் போடுக்கா. யோசிக்கிற வேலையை நான் பாத்துக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு மேடைக்குப் போனாள். இருபது டன் வேலங்கட்டை. ஒவ்வொரு நடையாக எடை போட்டு நோட்டில் எழுதியது அவள் கைதான்.

நான்கு மாதம் நல்ல வெயில். விறகு வெடித்துக் காய்ந்து, விற்பனையும் ஆகி வந்தது. ஒரு நாள் காலையில் மாப்பிள்ளை விற்றதையும் மீதி இருப்பதையும் கூட்டிப் பார்த்தான். பதினான்கு டன் வந்தது. மூன்று தடவை கூட்டினான். மூன்று தடவையும் பதினான்குதான். நோட்டை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்கு வந்தான். பேக்கரிக்காரரும் சலவைக்கடைப் பெண்ணும் இன்னும் மூன்று பேரும் அங்கே நின்றிருந்தார்கள்.

"ஆறு டன் எங்க?" என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்தினான். "இருபது டன் வந்துதுன்னு நீதான் எழுதியிருக்க. பதினாலுதான் இருக்கு. தராசு உன் கையில, சாவி உன் இடுப்புல. யாருக்கு வித்த? வீட்டுக்குள்ளயே திருடியை வச்சுக்கிட்டு நான் வெளியில கதவைப் பூட்டிக்கிட்டு இருக்கேன்!"

அவள் கையில் இருந்த கட்டையைக் கீழே வைக்கச் சிறிது நேரம் ஆனது. அவன் தலையில் போட்டுவிடுவோமோ என்ற பயத்தில் மெதுவாக வைத்தாள்.

"ஆறு டன்னுன்னா ஒரு லாரி, தம்பி. ஒரு லாரி விறகை நான் முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டுப் போனேனா? அது தண்ணி. காஞ்சு போச்சு."

"தண்ணியாம்! ஆறு டன் தண்ணி! மண்டியில கிணறா வெட்டி வச்சிருக்கோம்?" அவன் சிரித்தான். நின்றவர்களில் ஒருவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். "சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பு. போலீசுக்குப் போகாம விடறேன், அதுவே பெருசு."

வீட்டில் கணவன் சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "சனியன் விட்டுதுன்னு போ. வேற மண்டியா இல்ல?" என்றான்.

"எந்த மண்டியில சேத்துப்பான்? ஏன் அங்க விட்டேன்னு கேப்பான்ல? திருடின்னு அனுப்பிட்டாங்கன்னு சொல்லவா? தராசு பிடிக்கிறவளுக்கு இந்தப் பேர் ஒட்டிக்கிச்சுன்னா, அப்புறம் குப்பையைக்கூட நிறுக்க விடமாட்டாங்க." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அந்த வார்த்தையை அவன் திரும்ப எடுக்கணும். அவன் வாயாலயே எடுக்கணும்."

மறுநாள் காலையில் மண்டிக்கு ஒரு லாரி வந்தது. மறுபடியும் பச்சை வேலங்கட்டை, மறுபடியும் எடைக்குத்தான். அவளும் வந்தாள், பேக்கரிக்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு. மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"தம்பி, பதினோரு வருஷமா இங்கதான் வாங்கறேன். அக்கா ஒண்ணு கேக்குது. அதைச் செய்யுங்க. இல்லைன்னா நான் இந்த வாசல்ல காலை வைக்க மாட்டேன்."

அவள் கேட்டது இதுதான். புது லாரியிலிருந்து இருபது கிலோ விறகை மாப்பிள்ளையே எடுத்து, அவனே எடை போட வேண்டும். ஒவ்வொரு துண்டின் வெட்டு முகத்திலும் பெயிண்டால் அவனே கையெழுத்துப் போட வேண்டும். பேக்கரிக்காரர் மறுநாள் எரிக்கும் விறகை முந்தைய நாள் அடுப்பு ஆறும் சூட்டில் காயவைப்பவர். அந்தச் சூட்டில் இந்தத் துண்டுகள் மூன்று நாள் இருக்கட்டும். பிறகு இதே மேடையில் எடை.

"கையெழுத்து எதுக்கு?"

"நாளைக்கு நான் மாத்தி வச்சுட்டேன்னு சொல்வீங்கல்ல, அதுக்கு."

இருபத்தாறு துண்டுகள். நீல பெயிண்ட் சட்டையில் வழிய, இருபத்தாறு கையெழுத்து போட்டான். கடைசி நான்கு கையெழுத்து வெறும் கோடு. "முழுசாப் போடுங்க" என்று அதையும் திரும்பப் போட வைத்தாள்.

மூன்றாம் நாள் மாலை பேக்கரிக்காரர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். மாப்பிள்ளை கத்திய அன்று வாசலில் நின்றவர்கள் எல்லோரையும் அவளே போய்க் கூப்பிட்டிருந்தாள். சிரித்தவரை இரண்டு தடவை கூப்பிட்டாள். மாப்பிள்ளை தன் கையெழுத்துகளை எண்ணினான். இருபத்தாறு. மேடையில் வைத்தான். முள் ஆடி ஆடிப் பதின்மூன்றரையில் நின்றது.

அவன் துண்டுகளைக் கீழே எடுத்து, மறுபடி வைத்தான். பதின்மூன்றரை.

"அப்போ அந்த லாரிக்காரன் எனக்குத் தண்ணியை வித்திருக்கான்!" அவன் முகம் சிவந்தது. போனை எடுத்தான். "திருட்டுப் பய! இரு, இவனை என்ன பண்றேன் பாரு!"

அவளுக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. இவ்வளவு நாள் இருந்தது எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அவன் கண்ணில் அவள் இல்லவே இல்லை. திருட்டுப் பட்டத்தை அவள் தலையிலிருந்து கழற்றி இன்னொருத்தன் தலையில் மாட்டுகிறான். எடைக்கு வாங்குகிறேன் என்று சொன்னது இவன். ஈர விறகு கொண்டுவந்தவன் ஈர விறகு என்றுதான் சொல்லிக் கொண்டுவந்தான்.

"போனை வைங்க தம்பி. என்னைப் பத்தி என்ன?"

"உன்னைப் பத்தி என்ன? சரி சரி, ஏதோ கணக்குத் தப்பு. நாளைலேருந்து வேலைக்கு வா. இந்தா சாவி."

சாவியை அவள் வாங்கவில்லை. விறகை ஒவ்வொன்றாக மேடையிலிருந்து இறக்கினாள். பிறகு மேடைமேல் ஏறி, கால்களை மடக்கி உட்கார்ந்துவிட்டாள். முள் அறுபத்தொன்றுக்குப் போய் நின்றது.

"என்னக்கா இது?"

"நீங்க சொன்ன வார்த்தையை எடுக்கிற வரைக்கும் இதுல எதுவும் ஏறாது."

சலவைக்கடைப் பெண்ணுக்கு விறகு வேண்டும். அவள் சாக்கைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பேக்கரிக்காரரும் தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டார். வாங்க வந்த இன்னும் நான்கு பேர் வரிசையில் சேர்ந்தார்கள். மாப்பிள்ளை ஆபீசுக்குள் போனான், வந்தான், போனான். அரை மணி நேரம் ஆனது. வரிசை தெருவுக்கு வந்துவிட்டது.

கடைசியில் வந்து அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "நீ எடுக்கலக்கா. தெரியாம சொல்லிட்டேன்" என்றான்.

"கேக்கல. அன்னைக்குத் தெருமுனை வரைக்கும் கேட்டுது."

அவன் வரிசையைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். "அக்கா திருடல! கணக்குத் தப்பு என்னோடது!" என்று கத்தினான். குரல் பாதியில் உடைந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் இறங்கினாள். சாவியை வாங்கி இடுப்பில் செருகினாள்.

"சொல்லிட்டாருல்ல, இன்னும் ஏன்க்கா மூஞ்சி அப்படியே இருக்கு?" என்றார் பேக்கரிக்காரர்.

"பத்தொம்பது வருஷம்ணே. நான் திருடலன்னு யாரும் சொல்ல வேண்டியதா இருந்ததில்ல. இன்னைக்கு ஒருத்தன் கத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

புதிதாக வந்திருந்த லாரி விறகு மூலையில் ஈரத்தோடு கிடந்தது. "அதைச் சட்டத்துல அடுக்கி அளந்து எழுதுங்க தம்பி. நோட்டுல இருக்கிற எடையை அடிச்சிடுங்க" என்று ஆபீஸ் பக்கம் பார்க்காமலே சொன்னாள். மாப்பிள்ளை இரும்புச் சட்டத்தை இழுக்கப் போனான்.

வரிசையில் முதலில் இருந்த சலவைக்கடைப் பெண் சாக்கைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"உனக்கு எத்தனை கிலோ?" என்றாள் தராசக்கா, அதே கோபக் குரலில்.