எட்டு டன் ஏ.சி.யும் என் கணக்கும்

2005 வாக்கில் திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்தேன். நல்ல ஏப்ரல் வெயில். வெள்ளைத் துணியில் தூசி படியக்கூடாது என்று தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் ஹாலில் ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்போம். மேலே தகரக் கூரை வேறு. ஒரே நாளில் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். ஒருவருக்கு மேசை விளிம்பு இடித்து நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க, ரெண்டு டன் ஏ.சி. நாலு போட்டா நம்ம லைன் தாங்குமுங்களா?" என்று கேட்டார்.

கால்குலேட்டரைத் தட்டினேன். ஒரு டன்னுக்கு மூன்றரை கிலோவாட். எட்டு டன்னுக்கு இருபத்தெட்டு. எங்கள் லைனில் மிச்சமிருந்ததோ பன்னிரண்டு கிலோவாட்தான். "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

மறுநாள் மதியம், செக்கிங்கில் நூல் பிசிறு வெட்டும் பெண் ஒருவர் என் மேசை முன் வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்.

"சார், இருபத்தெட்டு கிலோவாட்டுன்னு சொன்னீங்களாமே. அது ரூமுக்குள்ள இருந்து வெளிய தள்ளுத சூடு சார். ஏ.சி. இழுக்குத கரண்டு அதுல மூணுல ஒரு பங்குதான் வரும்."

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

"ஐ.டி.ஐ.ல ஏ.சி. மெக்கானிக் படிச்சேன் சார். பொம்பளையாளுன்னு எங்கயும் வேலைக்கு எடுக்கல."

அந்தப் பெண் என்னை முதலாளி அறைக்கு வெளியே இருந்த ஏ.சி. யூனிட்டுக்கு அழைத்துப் போனார். அதன் தகட்டில் இரண்டு வரிகள். குளிர்விக்கும் திறன் ஏழாயிரம் வாட். அதற்கு வேண்டிய மின்சாரம் இரண்டாயிரத்து நானூறு. தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தேன். டன்னைக் கிலோவாட்டாக மாற்றியதில் பிழையில்லை. அந்தக் கிலோவாட் வெப்பமா, மின்சாரமா என்றுதான் யோசிக்காமல் விட்டிருந்தேன். நான்கும் சேர்ந்து பத்து கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும்.

"ஒண்ணு ஓடி நிலைச்ச பொறவு அடுத்ததப் போடணும் சார். எல்லாத்தையும் ஒண்ணா போட்டா, கிளம்புத நேரம் கரண்டு ரொம்ப இழுக்கும், லைன் தாங்காது" என்று அதையும் அவரே சொன்னார்.

நானே மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்ததாக முதலாளியிடம் சொல்லிவிடலாமா என்று மனசு ஒரு கணம் ஓடியது. உள்ளே போனதும் வாயில் உண்மைதான் வந்தது. "தப்பு என்னுதுங்க. கண்டுபிடிச்சது செக்கிங்ல பிசிறு வெட்டறவங்க."

முதலாளி, "அவங்கள எதுக்குங்க இன்னும் பிசிறு வெட்ட உட்டிருக்கறோம்?" என்றார்.

பத்து நாளில் ஏ.சி.கள் வந்தன. மாட்டும்போது ஸ்பேனரோடு அந்தப் பெண்ணும் நின்றார், எங்கள் மெயின்டனன்ஸ் ஆளாக. அந்தக் கோடையில் அதற்குப் பிறகு ஹாலில் யாரும் மயங்கி விழவில்லை.

இன்றும் எந்தக் கணக்கைப் போட்டாலும், "முடியாது" என்று சொல்வதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை காட்டிவிடுகிறேன். கேட்பதில் இருந்த கூச்சம் அந்தப் பெண்ணால்தான் போனது.