எட்டுக்கடை மாடியும் எங்கள் அண்ணன் கொடுத்த வாக்கும்

எங்கள் அண்ணனின் வருஷ நினைவுக்கு வந்திருக்கும் உறவுக்காரர்களுக்கும் கடைத்தெருக்காரர்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாவது வரை படித்தவன். தெரிந்ததை இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அண்ணன் வேப்பந்தட்டையில் பிறந்தார். மானாவாரி நிலம். மழை பொய்த்த ஒரு வருஷம் பெரம்பலூருக்கு பஸ் ஏறினார். டவுனில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குச் செங்கல் சுமந்தார். கட்டி முடிந்ததும் அதிலேயே ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து சூட்கேஸ் வியாபாரம் தொடங்கினார். பிறகு என்னையும் சேர்த்துக்கொண்டார்.

கீழே ஆறு கடை, மேலே இரண்டு. எட்டுக்கடை மாடி என்றால் எல்லோருக்கும் தெரியும். வெளிநாடு போகிறவர்கள் எங்களிடம் சூட்கேஸ் வாங்குவார்கள். பக்கத்து ஜவுளிக்கடை பாயிடம் கைலி, சட்டை எடுத்து, அங்கேயே அடுக்கிக்கொண்டு கிளம்புவார்கள். பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். அவர் தொழப் போனால் அண்ணன் அவர் கடையில் உட்காருவார்.

கட்டடம் பழசாயிற்று. மழைக்கு ஒழுகியது. இடித்துக் கட்டப் போவதாக இடத்துக்குச் சொந்தக்காரரான கட்டடக்காரர் சொன்னார். புதுசில் எட்டுப் பேருக்கும் கடை உண்டு என்றார்.

“மச்சான், ஒரு காயிதத்துல எழுதி வாங்கிடுவோம்” என்றார் பாய்.

“செங்கல் தூக்குன காலத்துலேர்ந்து அவர எனக்குத் தெரியும். அவருகிட்டப் போயி காயிதம் கேட்டா அசிங்கம். நான் சொல்றேன், காலி பண்ணுங்க.”

“நீ சொல்றதுக்காகப் போறேன். அவரு சொன்னதுக்காக இல்ல.”

எட்டுச் சாவியையும் அண்ணனே வாங்கிக் கட்டடக்காரரிடம் கொடுத்தார். ஒரு வாரத்தில் இடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் கட்டடக்காரர் இறந்தார். பிள்ளைகள் வெளியூர். இடம் மொத்தத்தையும் ஒரே ஆளுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். போய்க் கேட்டோம்.

“அப்பா எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலைங்களே” என்றார்கள். பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை.

அதன்பின் அண்ணன் டூவீலரில் பைகளைக் கட்டிக்கொண்டு எறையூர் வரை ஊர் ஊராக விற்றார். மற்ற ஏழு பேர் வீட்டுக்கும் போய்த் தலைகுனிந்து நின்றார். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். பாய் வீட்டில் அவர் இல்லை என்றார்கள். உள்ளே அவர் இருமுவது கேட்டது.

அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டது. அரியலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இரண்டு வருஷம் அலைந்தோம். கடைசியில் வீட்டோடு கிடந்தார். “பாய் வந்தாரா?” என்று தினம் கேட்டார். நான் லப்பைக்குடிக்காடு போய்ச் சொன்னேன்.

“முன்னாடியே வந்து சொல்றதுக்கென்ன?” என்று திட்டிக்கொண்டே பாய் செருப்பை மாட்டினார்.

வந்தவர் கட்டில் பக்கம் நின்று, இளைத்துப் போயிருந்த அண்ணனைப் பார்த்தார். “ஏன் மச்சான், யாரு சட்டையப் போட்டுருக்க?”

“எஞ் சட்டதான்” என்றார் அண்ணன். அப்புறம், “என்னால கெட்டீங்க பாய்” என்றார்.

“நீ மட்டும் என்ன புதுக் கடையிலயா ஒக்காந்திருந்த? நீயுந்தான தெருவுல நின்ன. பேசாம கஞ்சியக் குடி.”

அண்ணன் குடித்தார். நாலாம் நாள் போய்விட்டார்.

உடன் அலைந்த மருமகனுக்கும், தூக்கிப் புரட்டிப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், பந்தல் போட்ட தெருக்காரர்களுக்கும், சுடுகாடு வரை நடந்து வந்த பாய்க்கும் நன்றி.

கடைக்காரர்கள் ஏழு பேரில் ஐந்து பேர் சாவுக்கு வந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் மேல் குறை இல்லை. இந்த மலரை அவர்கள் வீட்டுக்கு நானே கொண்டு வருகிறேன். காகிதம் வேண்டாம் என்றது எங்கள் அண்ணன். அது தவறுதான். அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி