மாட்டாஸ்பத்திரி ஏசுரத்தினத்தின் இலங்கைப் பயணம்

வாசலில் வண்டிமாடு வந்து நின்றதும் ஏசுரத்தினம் குனிந்துவிடுகிறார். மாட்டுக்கு முகம் என்று ஒன்று இருப்பது அவருக்குப் பிறகுதான் நினைவுக்கு வரும். நாலு காலையும் பார்த்து, குளம்பைப் புறங்கையால் தொட்டு, "மூணு நாளா நொண்டிக்கினு கீது, நீ இன்னிக்குத்தான் பாத்தியா?" என்று மாட்டுக்காரரின் பாதங்களிடமே கேட்கிறார். வந்தவர் தெலுங்குக்காரர் என்று தெரிந்தால் அதே கேள்வி தெலுங்கில் வரும், தடங்கல் இல்லாமல்.

புத்தூர்ப் பக்கத்து மாட்டாஸ்பத்திரி ஒன்றில் பதினெட்டு வருஷமாகக் காம்பவுண்டர். காக்கி அரைக்கால் சட்டை. கால்சட்டைப் பையில் பஞ்சு. அவர் மீது எப்போதும் இருக்கும் பினாயில் நெடியால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவருடைய பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைக்கும். வெளியிடத்தில் தயிர்சோறு தவிர எதையும் தொடமாட்டார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, மடியில் வைத்திருக்கும் தூக்கைத் திறந்தவர் என்ற பெயர் உண்டு.

மனைவி எலிசபெத் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். அவர் நேர் எதிர். கிடைத்ததையெல்லாம் தின்றுபார்த்து, எப்படிச் செய்தது என்று கேட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பார். இருபத்திரண்டு வருஷ இல்வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து போன தூரம் திருப்பதி ரயிலடி வரைக்கும்தான்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்ததும் ஏசுரத்தினத்துக்கு ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. இனி நோய்க்குறிப்பைத் தெலுங்கில் எழுத வேண்டும், அதற்குப் பரீட்சை உண்டு என்று உத்தரவு. பேச வந்ததே தவிர அவருக்கு எழுத வரவில்லை. முதல் தடவை தோற்றார். இரண்டாம் தடவை 'எருதின் கால்கள் வீங்கியிருக்கின்றன' என்று எழுத வேண்டிய இடத்தில் நெடில் விட்டுப்போய், 'காள்ளு' 'கள்ளு' ஆகி, எருதின் கண்கள் வீங்கிவிட்டன. குமாஸ்தா சிவசங்கரன் அதை எழுந்து நின்று வாசித்தார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. ஏசுரத்தினமும் சிரித்தார். அன்று மாலையே, சென்னை ராஜ்யத்துக்கு மாற்றிவிடும்படி ஒரு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்தும் போட்டார். எலிசபெத்திடம் சொல்லவில்லை. அவருடைய பள்ளிக்கூடம் இங்கே இருந்தது.

அந்தக் கோடை விடுமுறையில்தான் எலிசபெத்தின் சித்தி மகள் ஜெயகுமாரி, அனுராதபுரத்தில் நர்சாக இருப்பவர், இரண்டு பேரும் ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள் என்று எழுதினார். ஏசுரத்தினம் உடனே சம்மதித்தார். ஆபீசிலிருந்து பதினைந்து நாள் தள்ளியிருக்கலாம் என்பதுதான் காரணம். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கியதும் ஏசுரத்தினம் முதலில் பார்த்தது ஒரு கழுதையின் குளம்பை.

எலிசபெத் முதல் நாளே பால்சோற்றையும், மிளகாய் இடித்த கட்டசம்பலையும் ருசி பார்த்துவிட்டார். கண்ணில் நீர் வழிய இன்னொரு கரண்டி கேட்டார். பாதையோரத்தில் பாலைப்பழம் வாங்கித் தின்று, அதன் பால் பிசினாக ஒட்டிக்கொள்ள, அரை மணி நேரம் உதடு பிரியாமல் சைகையில் பேசினார். ஏசுரத்தினம் மூன்று நாள் வெறும் ரொட்டியில் ஓட்டினார். நாலாம் நாள் சட்டியில் உறைந்த எருமைத் தயிர் வந்தது. சட்டியைக் கவிழ்த்தார், விழவில்லை. முகர்ந்து பார்த்து, "கொளத்துல கெடக்கற எரும. வைக்கோலு துன்னல" என்றார். பனைப்பாகு ஊற்றி முழுச் சட்டியையும் முடித்தார்.

வில்பத்துக் காட்டுக்கு ஜெயகுமாரி ஜீப் ஏற்பாடு செய்திருந்தார். அவருக்கு அன்று டியூட்டி. உடன் வந்த வனக்காவலருக்குத் தமிழ் தெரியாது. ஓட்டுநருக்குத் தெரிந்த தமிழ் 'சரி' ஒன்றுதான். பாலைமரத்தின் மேல் கரடி ஏறிப் பழம் உருவிக்கொண்டிருந்ததைப் பார்த்து எலிசபெத் அதன் உதட்டைப் பற்றிக் கவலைப்பட்டார். பிறகு நீர்நிலையருகே ஒரு பெண்யானை. முன்னங்கால் குடம்போல் வீங்கியிருந்தது.

ஏசுரத்தினம் ஜீப்பிலிருந்து இறங்கப் போனார். காவலர் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். இறங்கினால் மிதித்துவிடும் என்று கையால் காட்டினார். வீக்கத்துக்குக் காரணம் துப்பாக்கி ரவை என்பதையும் கையாலேயே சொன்னார். யானை மெல்ல நடந்து சேற்றில் அந்தக் காலை மட்டும் இறக்கி நின்றது. ஒரு மணி நேரம் அது அசையவில்லை, ஏசுரத்தினமும் அசையவில்லை. காவலர் சேற்றைக் காட்டி 'மட' என்றார், காலைக் காட்டி 'ககுல' என்றார். இவர் திருப்பிச் சொன்னார்.

திரும்பி வந்து காவல் குடிசை முன்னால் இறங்கியதும், மணலில் குச்சியால் யானைக்காலை வரைந்து, எங்கே கீறி எப்படிச் சீழ் எடுக்கலாம் என்று காவலருக்குக் காட்டினார். பக்கத்தில் 'ககுல' என்ற சொல்லை எழுதும்படி சைகை காட்டினார். காவலர் உருண்டை உருண்டையாய் எழுதியதை அதன் கீழேயே பார்த்து எழுதினார். காவலர் ஒரு சுழியைத் திருத்தினார். இவர் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். நாலு தடவை.

எலிசபெத் ஜீப்பில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "இவுரு திருத்துனா மட்டும் ஒனக்கு ரோசம் வரலியே" என்றார். தமிழ் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லாதபோது அவர் கணவரை நீ என்றுதான் அழைப்பார்.

ஏசுரத்தினம் குச்சியைக் கீழே போட்டார். விண்ணப்பத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னார். பெட்டியில் பைபிளுக்கு அடியில் இருக்கிறது, ஊருக்குப் போனதும் கொடுத்துவிடப் போகிறேன் என்றார்.

எலிசபெத் ஜீப்பை விட்டு நிமிர்ந்தார். பிறகு, "சிரிச்சாங்கன்னு ஊரவுட்டுப் போறதா? நான் வரல. நீ போய்க்கினு இரு" என்றார்.

ரயிலில் திரும்பும்போது ஏசுரத்தினம் அந்த விண்ணப்பத்தை எடுத்தார். கிழிக்கவில்லை; அரசாங்கக் காகிதத்தைக் கிழிக்க அவருக்கு மனம் வராது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. புத்தூர் வருவதற்குள் அதைத் தெலுங்கு எழுத்தால் நிரப்பிவிட்டார். ஊருக்கு வந்து தினமும் மாட்டுக்காரர்களிடமே கேட்டுக் கற்றார். படித்த விவசாயி ஒருவர் விடாமல் திருத்துவார். மூன்றாம் தடவை எழுதிய பரீட்சையில் இரண்டு மார்க் கூடுதலாக வாங்கித் தேறினார். சிவசங்கரன் கைகொடுத்தபோது அவர் பார்வை குமாஸ்தாவின் செருப்பில்தான் இருந்தது.

புத்தூர் எந்த ராஜ்யத்துக்கு என்று ஊர்வலங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், ஏசுரத்தினம் வீட்டுக் கதவிலிருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தமிழ் எழுத்துக்குக் கீழே தெலுங்கில் தன் பெயரையும், அதற்குப் பக்கத்தில் மனைவி பெயரையும் எழுதினார். கடைசி எழுத்தின் தலைக்குறி கோணலாக விழுந்திருந்தது. ஈரம் காய்வதற்குள் அதைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி போட்டார்.